கைதட்டலுக்குப் பிறகு

அந்த ஒலிப்பதிவு அறையில் தப்பாகப் படித்துவிட்டால் ஒருமுறை கைதட்ட வேண்டும். அங்கே சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான். தட்டிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, தடுமாறிய வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பேச்சு சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும். கைதட்டல் மட்டும் விளக்குக் கம்பம் போல நெட்டுக்குத்தாக நிற்கும். வெட்டி ஒட்டுகிறவர் பிழையைத் தேடி அலைய வேண்டாம்.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பும் நூலகம் அது. மாடியில் ஒரே அறை. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சொந்தக் காதின் இரைச்சல் கேட்கும். அறையைப் பார்த்துக்கொள்கிற சவுண்டு அக்கா, பதிவைத் தொடங்கிவிட்டுக் கீழே போய்விடுவாள். போன் எடுக்க, மெமரி கார்டுகளை உறையில் போட்டு அனுப்ப, திரும்பி வந்தவற்றைச் சரிபார்க்க என்று அவளுக்கு ஆயிரம் வேலை. உட்கார்ந்து கேட்க ஆளில்லாததால்தான் கைதட்டல்.

சவுண்டு அக்காவுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. கிழமைதான் நிற்கும். சனிக்கிழமை காலையில் வந்து படிக்கும் பெண்ணுக்கு அதனால் 'சனி' என்று பெயர் விழுந்துவிட்டது.

"வாடி சனி. ஊர்ல எல்லாருக்கும் எப்பவாவதுதான் புடிக்கும். எனக்கு வாரா வாரம் புடிக்குது."

அவள் சிரிப்பாள். பதில் தோன்றும்போது அவள் பஸ்ஸில் பாதி வழி போயிருப்பாள்.

மற்ற நாட்களில் அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பல இடங்களிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் வரும். எண் ஒட்டியிருக்கும். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, குறித்துவைக்க வேண்டும். பாட்டில்கள் பேசாது, அவளையும் பேசச் சொல்லாது. அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி நல்லவள்தான். தட்டில் போட்டுக்கொண்டே, "வாயைத் தொறந்தா முத்து கொட்டிடுமா? பொறுக்கிக்க நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல" என்பாள். அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளை விடு, அவ அப்படித்தான்" என்பான். அவன் பரிந்து பேசியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு மட்டும், தன் மேல் யாரோ மூடியைத் திருகி வைத்தது போலிருக்கும்.

படிக்க ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து அவள் அந்த மாடி ஏறியதற்குக் காரணம் சேவை மனப்பான்மை என்று அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். உண்மை அதைவிடச் சின்னது. அங்கே என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வருடம் அவளுக்கு வந்தது ஒரு தடிப் புத்தகம். பழைய போர் ஒன்றைப் பற்றிய காதல் கதை. துறைமுக ஊரில் தந்தி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். கடல் தாண்டிப் போய், படை கடக்க ஆற்றில் பாலம் போடும் பிரிவில் இருக்கும் அவள் காதலன். பாதிப் புத்தகம் அவர்களுடைய கடிதங்கள். ராணுவத் தணிக்கைக்காரர் ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, கூடாத வரிகள் மேல் கறுப்பு மை பூசி அனுப்புவார். புத்தகத்திலும் அந்த வரிகள் கறுப்புப் பட்டைகளாகவே அச்சாகியிருந்தன. அதை எப்படிப் படிப்பது என்று அவள் கேட்டதற்கு, "வாய மூடிட்டு ஒரு மூச்சு இரு. கேக்கறவங்க புரிஞ்சிக்குவாங்க. உனக்கு அது சொல்லியா தரணும்?" என்றாள் அக்கா.

கதையையும் பெண்ணின் கடிதங்களையும் அவள் படிக்க வேண்டும். ஆணின் கடிதங்களுக்கு வேறொருவர். அவர் புதன்கிழமைகளில் வருகிறவர். ஆகவே அவர் 'புதன்'.

"அவர் படிச்சதைக் கேட்டுட்டு நீ படி. நீ படிச்சதைக் கேட்டுட்டு அவர் படிக்கட்டும். இல்லன்னா கடிதாசி கிழக்கே போகும், பதில் மேற்கே போகும்" என்று அக்கா உத்தரவு போட்டிருந்தாள்.

இப்படித்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள். கொஞ்சம் கரகரப்பு. அவசரமில்லாத குரல். வாக்கியத்தின் கடைசியில் இறங்கி, அங்கேயே சற்று நின்றுவிட்டு வரும். கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டப்' என்று ஒரு கைதட்டல். அதன்பின் அதே குரல், படைவீரனின் மிடுக்கை இறக்கி வைத்துவிட்டு, "அடச்சே, கண்ணாடி தொடைக்கணும்" என்றது. அவள் ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டாள். வெட்டுவதற்கு முந்தைய பதிவு அது.

அடுத்த வாரம் கைதட்டலுக்குப் பிறகு அந்தக் குரல் நேராக அவளிடமே வந்தது.

"சனிக்கிழமை படிக்கிறவங்களே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் பொண்ணோட வீடு குண்டுல இடிஞ்சு போச்சு. அம்மா போயிட்டாங்க. இவ என்னடான்னா வீடு அப்படியே இருக்கு, அம்மா உன்னை விசாரிச்சாங்கன்னு எழுதறா. இது பொய்தானே? அவன் திரும்பி வந்தா எங்க போய் நிப்பான்? யோசிச்சுச் சொல்லுங்க."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டது.

அன்று அவள் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அக்கா பதிவைத் தொடங்கிவிட்டுக் கீழே போனாள். அவள் ஒரு பக்கம் படித்தாள். தப்பு எதுவும் வரவில்லை. பக்கத்தின் கடைசியில், தப்பே செய்யாமல், கைதட்டினாள்.

"அது பொய் இல்லைங்க" என்றாள் மைக்கிடம். "ரெண்டு பேரும் சேர்ந்து உடைஞ்சு போக வேண்டாம், ஒருத்தர் போதும்னு நெனைக்கிறா. எனக்கு அப்படித்தான் தோணுது."

பிறகு ஒரு மூச்சு விட்டு, பக்கத்தின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படித்தாள். அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் போகும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே சொல்லிவிட்டதை நினைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பதிவில் ஒரு கைதட்டலுக்குப் பிறகு அந்தக் குரல், "சரி சரி, ஒத்துக்கறேன்" என்று சிரித்தது.

அதன்பின் அவள் வாரம் முழுவதும் சேர்த்துவைக்கத் தொடங்கினாள். பரிசோதனைக் கூடத்தில் சொட்டு விடும்போதே, புதனிடம் எதைச் சொல்லலாம் என்று மனம் ஓடும். ஒரு பாட்டிலில் மண்புழு வந்ததைச் சொன்னாள். அண்ணியின் முத்துக் கதையைச் சொன்னாள். அவருக்கு இருமல் என்று தெரிந்ததும், வெந்நீர் குடியுங்கள் என்றாள். அடுத்த புதன்கிழமை அவர், "எவ்ளோ வெந்நீர் குடிச்சும் இந்த இருமல் போக மாட்டேங்குதே" என்று அலுத்துக்கொண்டார். அவளுக்கு அந்த வாரம் முழுவதும் அது போதுமானதாக இருந்தது.

"என்னடி, முன்னெல்லாம் நீ தப்பே பண்ண மாட்டே" என்றாள் சவுண்டு அக்கா ஒருநாள். "இப்போ கச்சேரி கேக்கற மாதிரி தட்டித் தள்றே. கண்ணுல ஏதாவது கோளாறா?"

"எழுத்து பொடிசா இருக்குக்கா."

"இந்த வயசுலயா? நல்லாருக்கு."

புத்தகத்தில் அப்போது மழைக்காலம். தபால் கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது. படைவீரன் கடிதம் வராமல் தவித்துக்கொண்டிருந்தான். அந்த அத்தியாயத்தில் ஒரு கைதட்டலுக்குப் பிறகு புதனின் குரல் கொஞ்சம் சிரித்து, "பதிலே இல்லையே!" என்றது. பாவம், படைவீரனுக்காக எவ்வளவு வருந்துகிறார் என்று அவள் உருகிப்போனாள்.

ஆணின் கடிதங்கள் முடியப் போவது அவளுக்குத் தெரியும். முழுப் புத்தகத்தையும் முன்பே படித்திருந்தாள். கடைசிப் பாலம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வராது. அவன் இறந்தது தெரியாமல் அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருப்பாள். அதாவது, புதன் இன்னும் ஒருமுறைதான் வருவார். அவள் மட்டும் மிச்சப் பக்கங்களைப் படித்து முடிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு பாராவின் நடுவிலேயே கைதட்டினாள். தட்டிய சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"வர்ற புதன்கிழமை நான் வர்றேங்க. நீங்க வெளிய வரும்போது பெஞ்சுல உக்காந்திருப்பேன். பச்சைக் கலர் கைப்பை வெச்சிருப்பேன். நான் ரொம்பப் பேச மாட்டேன். நேர்ல பாத்தா இன்னும் கம்மி. அதை முன்னாடியே சொல்லிடறேன்."

லீவு கேட்பதற்கே அவள் இரண்டு நாள் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை காலையில் அண்ணி, "ஆபீஸுக்கா இந்தச் சேலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

மாடிப்படிக்கு எதிரே இருந்த பெஞ்சில் பச்சைக் கைப்பையை மடியில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தக் குரல் இருக்கிறது. பஞ்சுச் சுவரைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. அவள் எண்ணி வைத்ததைவிட வயதில் சிறியவர். தோளில் பை, கையில் குடை, மூக்கில் கண்ணாடி. அவர் அவளைப் பார்த்தார். பையையும் பார்த்தார். வழியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"அக்காவைப் பாக்கணுமா? இப்போ வந்துடுவாங்க. கீழதான் இருக்காங்க."

அதே கரகரப்பு. வாக்கியத்தின் கடைசியில் அதே இறக்கம். அவள் எழுந்து நின்றாள். 'நான்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். 'நான்தான்' என்றால் யார் என்று சொல்வது? தலையை மட்டும் ஆட்டினாள். அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டு படியிறங்கினார். திருப்பத்தில் ஒருமுறை இருமினார். பிறகு அதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க ஏறிவந்த சவுண்டு அக்கா அவளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன அதிசயம்! சனி புதன்கிழமைல வந்து நிக்குது?"

"சும்மாதான்க்கா. ஒரு சந்தேகம்."

"நீ வர்றன்னு தெரிஞ்சா அவரை நிக்கச் சொல்லியிருப்பேனே. இன்னிக்கோட அவர் பங்கு முடிஞ்சுது. வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம், இந்த வாரமே கிளம்பறார். போகும்போது உன்னைப் பத்திக்கூடச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"அந்தப் பொண்ணு ரொம்ப சுத்தமாப் படிக்குது, ஒரு தப்பு இல்ல, தும்மல் இல்ல, மூச்சு விடற சத்தம்கூட இல்ல, ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலன்னார். என்கிட்ட வந்துட்டா எல்லாரும் சுத்தம்தான் சார்னேன்."

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கேக்கறதுக்குக் குடுக்கறது... வெட்டினதா?"

"பின்ன? நான் திங்கள், செவ்வாய்ல வெட்டுவேன். நீ படிச்சது புதன்கிழமைக்குள்ள சுத்தமாயிடும். அவர் படிச்சது அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே கெடக்கும். அதைத்தான் உனக்குப் போட்டுக் குடுப்பேன். ஏன், அவர் ஏதாவது உளறி வெச்சிருக்காரா?"

"இல்லக்கா." அவளுக்கு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே போய்விடலாம் என்றும் தோன்றியது. "வெட்டும்போது நீங்க கேப்பீங்களா?"

"எதை?"

"தட்டினதுக்கு அப்புறம் இருக்கறதை."

"அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகணும்? இத்தனை பேர் படிச்சதையும் கேக்க ஆரம்பிச்சா நான் எப்போ வீட்டுக்குப் போறது? கண்ணாலதான் பாப்பேன். கம்பம் நிக்குதா, அதுக்கு முந்தின வாக்கியத்துல ஆரம்பிச்சு திரும்பப் படிக்கிற இடம் வரைக்கும் ஒரே வெட்டு." அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். குரல் தணிந்தது. "என்னம்மா, நம்பர் ஏதாவது வேணுமா அவருது?"

"வேணாம்க்கா. சின்ன உச்சரிப்பு சந்தேகம். பரவால்ல."

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் அவள் வழக்கம் போல ஒரு குப்பியில் சுத்திகரித்த வெறும் தண்ணீரை முதலில் எடுத்தாள். பாட்டில்களைச் சோதிக்கும் முன் அதற்கும் அதே சொட்டுகளை விட்டுப் பார்க்க வேண்டும். பிளாங்க் என்பார்கள். ஒன்றுமே இல்லாத தண்ணீரிலும் நிறம் மாறினால், மாற்றம் தண்ணீரால் வந்ததில்லை, கோளாறு நம்மிடம் என்று தெரிந்துகொள்வதற்காக. படிப்பு முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில், அக்கா வாராவாரம் போனில் போட்டுக் கொடுத்து, அவள் பத்திரமாக வைத்திருந்த புதனின் பதிவுகளை முதலிலிருந்து கேட்டாள். இம்முறை அவள் ஒன்றுமே பேசாதது போல வைத்துக்கொண்டு கேட்டாள். "சரி சரி, ஒத்துக்கறேன்" என்பதற்கு முன்னால் ஒரு சொல்லை மூன்று தடவை தப்பாகப் படித்திருந்தார். தன் நாக்கிடம் தோற்றதைத்தான் ஒத்துக்கொண்டார். இருமுகிற எவரும் வெந்நீர் குடிப்பார்கள். மண்புழுவுக்கு அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

'சனிக்கிழமை படிக்கிறவங்களே' என்று அவர் உண்மையாகவே அழைத்தது முதல் சில வாரங்கள் மட்டுந்தான். வீடு இடிந்த கேள்விக்குப் பிறகு, "நான் கேட்டதை மறந்துட்டீங்களா?" என்று ஒரு முறை. அப்போது அதைப் படைவீரன் பேசுவதாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மழைக்கால அத்தியாயம். "பதிலே இல்லையே!" ஹெட்போனை அழுத்திக் கேட்டாள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் கூச்சம் இருந்தது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருமில்லை போலும் என்று திரும்புகிறவர் சிரிக்கும் சிரிப்பு. அதற்குப் பின் அவர் அவளை அழைக்கவே இல்லை. கண்ணாடியோடும் இருமலோடும் பேசிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அவர் கிடைக்காமல் போனதைவிட, அவருக்கு அவள் பதில் கிடைக்காமல் போனதுதான் அவளை உறுத்தியது. கேட்டவருக்குப் பதில் சொல்லாத ஆளாக அவர் மனதில் அவள் இருக்கிறாள். எல்லோர் மனதிலும் இருப்பது போலவே. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, மதியத்து பாட்டில்களை எடுத்தாள்.

கடைசிச் சனிக்கிழமைக்குள் அவள் மிச்சப் பக்கங்களை வீட்டு மொட்டை மாடியில் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தாள். அண்ணி துணி எடுக்க வந்து, கொஞ்ச நேரம் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, "இவ்ளோ நல்லாப் பேசுவியா நீ?" என்றாள். "இது நான் பேசறது இல்ல அண்ணி" என்றாள் அவள்.

அன்று ஹெட்போனில் கேட்பதற்கு, புதனின் அந்தக் கடைசிக் கடிதம் மட்டும் இருந்தது. அதில் ஒரு கைதட்டல்கூட இல்லை. அவரும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார் போலும்.

"தொடங்கிட்டேன்டி" என்று அக்கா கீழே போனாள்.

அவள் படித்தாள். தந்தி அலுவலகத்துப் பெண் கடிதம் எழுதுகிறாள். பதில் இல்லை. மறுபடி எழுதுகிறாள். ஊரில் மீன் வரத்து கூடிவிட்டதாக, பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததாக எழுதுகிறாள். அம்மா உன்னை விசாரித்தாள் என்கிறாள். தணிக்கைக்காரர் இப்போதும் சில வரிகளைக் கறுப்பாக்கி அனுப்புகிறார். யாருக்கு அனுப்புகிறார் என்று அவருக்கும் தெரியாது. கறுப்பு வந்த இடங்களில் அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இருந்தாள். கடைசிக் கடிதத்தில் அந்தப் பெண் வீடு இடிந்ததை எழுதிவிடுகிறாள். அம்மா இறந்ததையும். 'இனிமேல் நீ வந்து நிற்க இடம் நான்தான்' என்று முடிக்கிறாள். அந்த வரியில் தன் குரல் நடுங்கும் என்று அவள் பயந்திருந்தாள். நடுங்கவில்லை.

புத்தகம் முடிந்ததும் புத்தகத்தின் பெயரையும் படித்தவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். அவர் பெயரைச் சொன்னாள். அதை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. தன் பெயரையும் சொன்னாள். அத்தோடு பதிவை நிறுத்திவிட்டு எழ வேண்டியதுதான்.

அவள் எழவில்லை. ஒரு மூச்சு சும்மா இருந்தாள்.

"புதன்கிழமை படித்தவருக்கு" என்றாள், புத்தகத்தைப் படிக்கும் அதே நிதானத்தில். "நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. அவள் சொன்னது பொய் இல்லை என்றுதான் அன்றைக்கே சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். பதில் வந்து சேரத் தாமதமாகிவிட்டது."

கை தானாக மேலே வந்தது. இதைக் கேட்கப்போகிறவர்கள் எத்தனையோ பேர் என்று அப்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத வீடுகளில், தெரியாத கட்டில்களில், யார் யாரோ. தட்டிவிட்டால் போதும், ஒரு கம்பம் நின்றுவிடும், எல்லாம் சுத்தமாகிவிடும். அவள் கைகளை இறக்கி, நாற்காலியில் தொடைகளுக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா வந்து பதிவை நிறுத்தினாள். திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை சின்னச் சின்ன மேடுகள்தான்.

"ஒரு கம்பம்கூடக் காணோமே! ஒரு தப்புகூட இல்லையா இன்னிக்கு?"

"இல்லக்கா."

"அப்போ எனக்கு வேலையே இல்லடி. கேக்காமலே காப்பி போட்டுடலாம். முதல் காப்பி அவருக்குத்தான் அனுப்பணும், விலாசம் குடுத்துட்டுப் போயிருக்கார்."

"அனுப்பிடுங்கக்கா" என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் படியிறங்கினாள்.